ஒரு ரயிலுக்குப் பதிலா இன்னொரு ரயில்: கல்வா சனம் ஏன் மறிச்சது?

"ஏசி ரயில் விட்டதுக்காக ரயில் மறிச்ச சனத்தை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கிறியா?"

கன்டீனில பிளேன்டீ குடிச்சுக்கொண்டிருக்கேக்க நண்பன் ஒருத்தன் போனை நீட்டினான். பழைய வீடியோ. 2022 ஓகஸ்ட் மாதம், மும்பைக்குப் பக்கத்தில் கல்வா எண்ட இடம். ரயில் பணிமனையிலிருந்து வெளிக்கிட்ட ஒரு ஏசி லோக்கலுக்கு முன்னால் சனம் தண்டவாளத்தில் இறங்கி நிற்குது. கீழே கருத்துகள் வரிசையா இருந்தன. முன்னேற்றத்துக்கு எதிரிகள், காட்டுமிராண்டிகள், இவங்களுக்கு நல்லது செய்தாலும் விளங்காது. மேசையில் இருந்த எல்லாரும் சிரிச்சம். நானும் சிரிச்சன்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுறன். அண்டைக்கு இரவு அந்த மறியலைப் பற்றி வாசிக்கத் தொடங்கி, விடிய ரெண்டு மணிக்குப் போனை வைக்கேக்க எனக்கு விளங்கினது ஒரு விஷயம்: கணக்குத் தெரிஞ்சது அந்தச் சனத்துக்குத்தான். கருத்துப் போட்டவைக்கும் தெரியாது, கன்டீனில் சிரிச்ச எங்களுக்கும் தெரியாது.

மும்பை லோக்கல் எங்களுக்குப் படங்களில் பார்த்துப் பழகின சாமான். வாசலில் தொங்கும் கதாநாயகன், தாராவிக்கு இறங்கும் தமிழ்க் குடும்பம், இப்பிடி. உண்மையான அளவு அதைவிடப் பெரிசு. ஒரு நாளைக்கு 70 லட்சத்துக்கு மேல் பயணங்கள். அதாவது எங்கட நாட்டுச் சனத்தொகையில் மூண்டில் ஒரு பங்கு அளவு, ஒவ்வொரு நாளும், ஒரு நகரத்துக்குள்ள. இதைச் சுமக்கிறது மேற்கு ரயில்வே, மத்திய ரயில்வே எண்ட ரெண்டு நிர்வாகங்கள். 2025 ஏப்ரலில் மேற்கு ரயில்வே நாளுக்கு 1,406 ஓட்டங்கள் ஓட்டினது, மத்திய ரயில்வே 1,810. காலை, மாலை நெரிசல் நேரத்தில் மூண்டு நாலு நிமிஷத்துக்கு ஒரு ரயில். அதுக்கு மேல ஒண்டைக்கூட நுழைக்க ஏலாது, தண்டவாளம் நிரம்பிப் போச்சு.

இங்க ஒரு சொல் தெரிய வேணும். முழு ரயிலாகச் சேர்த்துக் கட்டின பெட்டித்தொடரை அங்க 'ரேக்' எண்டு சொல்லுவினம். நாங்கள் 'செட்' எண்டு சொல்லுற அதே சாமான். ஒரு ரேக் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை போய் வரும். அதனால ஒரு ரேக்கை மாத்தினால் பத்துக்கு மேற்பட்ட ஓட்டங்கள் மாறிப் போகும். ரேக்குகளும் தட்டுப்பாடு, தண்டவாளத்தில் இடமும் தட்டுப்பாடு. ரெண்டும் சேர்ந்தால் புதுசா எதைக் கொண்டுவந்தாலும் அது ஏற்கனவே ஓடுற ஒண்டின்ர இடத்தில்தான் ஓட வேணும்.

அப்ப ஏசி ரயில் எப்பிடி வந்தது எண்டு பாருங்கோ. முதலாவது ஏசி லோக்கல் 2017 டிசம்பர் 25ஆம் திகதி மேற்குப் பாதையில் ஓடத் தொடங்கினது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினது. 2024 நவம்பரில் மேற்கு ரயில்வே 13 ஏசி ஓட்டங்களைச் சேர்த்து 96ஐ 109 ஆக்கினது. மொத்த ஓட்டம்? அதே 1,406தான். 2025 ஏப்ரலில் மத்திய ரயில்வே 14 ஓட்டங்களைச் சேர்த்து 66ஐ 80 ஆக்கினது. மொத்தம் அதே 1,810. "சேர்த்தோம்" எண்டு அறிவிச்சது உண்மையில் மாத்தினது. ஒவ்வொரு ஏசி ஓட்டத்துக்கும் பின்னால் ஒரு சாதாரண ஓட்டம் காணாமல் போயிருக்கு. அறிக்கையில் காணாமல் போனதுக்குப் பெயரில்லை.

நேர அட்டவணையைப் பார்த்தால் ஒண்டும் தெரியாது. பின்னேரம் 5.22க்கு பத்லாபூருக்கு ஒரு ரயில் இருந்தது, இப்பவும் 5.22க்கு ஒரு ரயில் இருக்கு. அதே 12 பெட்டி. பிறகென்ன பிரச்சினை?

பிரச்சினை டிக்கெட்டில. 2022 மே மாதம் ஏசி லோக்கலின் ஒருவழிக் கட்டணத்தைப் பாதியாகக் குறைச்சினம். பெரிய செய்தி. 65 ரூபாவாக இருந்த ஆகக் குறைஞ்ச டிக்கெட் 30 ரூபாவானது. சாதாரண ரயிலில் ரெண்டாம் வகுப்பின் ஆகக் குறைஞ்ச டிக்கெட் அப்ப 5 ரூபா. குறைச்ச பிறகும் ஆறு மடங்கு! இன்னொரு விஷயம், அந்தக் குறைப்பு ஒருவழி டிக்கெட்டுக்கு மட்டும். சீசனுக்கு இல்லை. தினமும் வேலைக்குப் போறவர் எடுக்கிறது சீசன், எப்பவாவது ஏறுறவர் எடுக்கிறது ஒருவழி டிக்கெட். யாருக்காகக் குறைச்சினம் எண்டு நீங்களே யோசியுங்கோ.

இப்ப நான் சொல்ல வாற விஷயத்தின்ர நடுக்கட்டைக்கு வாறன்.

ஏசி டிக்கெட் வைச்சிருக்கிறவர் சாதாரண ரயிலில் ஏறலாம். சாதாரண டிக்கெட் வைச்சிருக்கிறவர் ஏசி ரயிலில் ஏற ஏலாது. ஏறினால் ஆகக் குறைஞ்சது 250 ரூபா அபராதம், அதோட பயணக் கட்டணமும். ஆக, ஏசி ரேக் பழுதாகி அதுக்குப் பதிலாச் சாதாரண ரேக் வந்தால், எல்லாரும் வீட்டை போய்ச் சேருவினம். ஏசிக்குக் காசு கட்டினவர் வேர்த்து வழிஞ்சு, திட்டிக்கொண்டு, ஆனால் போய்ச் சேருவார். மறுவளமாச் சாதாரண ரேக்குக்குப் பதிலா ஏசி ரேக் வந்தால், பிளாட்ஃபோர்மில் நிற்கிறவர்களில் பெரும்பகுதிக்கு அந்த ரயில் வரவேயில்லை. வெளியில நிண்டு பார்க்கிறதுக்கு ஒரு வெள்ளை ரயில் வந்து போகுது, அவ்வளவுதான். ரெண்டையும் நிர்வாகம் 'மாற்று' எண்டுதான் எழுதும். முதலாவது அசௌகரியம். ரெண்டாவது ரத்து. ஆனால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வாறது முதலாவதுக்கு. ரெண்டாவதுக்குக் கொடியசைப்பு.

அடுத்த ரயிலில் என்ன நடக்கும் எண்டு தனியாச் சொல்லத் தேவையில்லை. தவறவிட்ட சனம் எல்லாம் அடுத்ததில். அதில் ஏற்கனவே ஆள் இருக்கு.

இதில் பொருள் கொண்டுபோற ஆக்களின் நிலைமை இன்னும் மோசம். சாதாரண ரேக்கில் மீன்காரப் பெண்களுக்கும் மரக்கறி வியாபாரிகளுக்கும் சாப்பாட்டு டப்பா கொண்டுபோற டப்பாவாலாக்களுக்கும் எண்டு தனிப் பெட்டி இருக்கு. ஓடுற ஏசி ரேக்குகளில் அப்பிடி இல்லை எண்டு டப்பாவாலாக்கள் முறையிட்டிருக்கினம். மீன்கூடையோட ஏசிக்குள்ள ஏற யார் விடப் போகினம்? (எங்கட ஊரில் மீன்பெட்டியோட பஸ்ஸில ஏறுறவையைக் கொண்டக்டர் பார்க்கிற பார்வை ஞாபகம் வருது.) அந்த நகரத்தின்ர உழைப்பை விளம்பரத்துக்குக் காட்டேக்க டப்பாவாலாவைத்தான் காட்டுவினம். ரயில் ஒதுக்கேக்க அவர் ஞாபகத்தில் வாறதில்லை.

இனிக் கல்வாவுக்கு வருவம். 2022 பெப்ரவரியில் தாணேக்கும் திவாவுக்கும் இடையில் ஐந்தாவது, ஆறாவது தண்டவாளங்கள் திறந்தினம். பிரதமர் மோடி தொடங்கி வைச்சார். வருசக் கணக்காக் காத்திருந்த வேலை. அதால மத்திய ரயில்வேக்கு 36 புது ஓட்டங்கள் கிடைச்சது. இது மாத்தினது இல்லை, உண்மையாவே கூடினது. அந்த 36இல் 34ஐ ஏசிக்குக் குடுத்தினம். சாதாரண ரயிலுக்கு மிச்சம் ரெண்டு. பொதுக்காசில் போட்ட தண்டவாளம், வீடிழந்தவையும் இருக்கிற தண்டவாளம், அதின்ர பலன் யாருக்குப் போச்சுது பாருங்கோ. மே மாதம் இன்னும் 12 ஓட்டங்களை ஏசியாக்கி எண்ணிக்கையை 56க்குக் கொண்டு போச்சினம். ஓகஸ்ட் 19ஆம் திகதி இன்னும் 10. அண்டைக்குத்தான் கல்வா சனம் தண்டவாளத்தில் இறங்கினது. அடுத்த நாட்களில் பத்லாபூரிலும் சனம் திரண்டது, அந்த 5.22 ரயிலுக்காக. ஓகஸ்ட் 25இல் அந்தப் பத்தையும் நிர்வாகம் மீளப் பெற்றது.

கல்வா ஏன்? வேக ரயில்கள் அங்க நிற்காது. கல்யாண், பத்லாபூர் பக்கமிருந்து வாற மெதுவான ரயில்கள் நிரம்பி வழிஞ்சுகொண்டு வரும், ஒரு காலை வைக்கவே இடம் இருக்காது. அதனால கல்வாச் சனம் பணிமனையிலிருந்து வெறுமையா வெளிக்கிடுற ரயிலில், அங்கயே போய், தண்டவாளத்தைக் கடந்து ஏறிப் பழகியிருக்கினம். சட்டப்படி பிழைதான். ஆனால் அது ஒண்டுதான் அவைக்குக் கிடைச்ச வெறும் ரயில். அந்த ரயிலைத்தான் ஏசி ஆக்கினது. கதவு தானாகப் பூட்டுப்படும், ஏற ஏலாது, டிக்கெட்டும் செல்லாது. மறிச்சினம். வேற என்ன செய்யச் சொல்லுறீங்கள்? மனுக் குடுக்கவா?

மறியல் வெண்டது எண்டு நினைச்சால் அதுவும் முழுசாச் சரியில்லை. 2023 நவம்பரில் மத்திய ரயில்வே இன்னும் 10 சாதாரண ஓட்டங்களை ஏசியாக்கி மீண்டும் 66க்குக் கொண்டுவந்தது. பதினாலு பதினைஞ்சு மாதம் பொறுத்திருந்தினம், அவ்வளவுதான்.

கல்வாவுக்கு அடுத்த ஸ்டேஷன் மும்ப்ரா. 1992-93 கலவரத்துக்குப் பிறகு மும்பைக்குள்ள இருக்கப் பயந்த முஸ்லிம் குடும்பங்கள் போய்க் குடியேறிப் பெருத்த ஊர். இடம்பெயர்ந்து போய் ஒரு நகரத்தின்ர ஓரத்தில் இருக்கிறது எண்டால் என்ன எண்டு எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2025 ஜூன் 9ஆம் திகதி, திங்கட்கிழமை காலை, திவாவுக்கும் மும்ப்ராவுக்கும் இடையில் ஒரு வளைவில் ரெண்டு ரயில்கள் எதிரெதிரே கடந்தன. ரெண்டிலும் வாசலில் ஆக்கள் தொங்கிக்கொண்டிருந்தினம். ஒருத்தரோட ஒருத்தர் அடிபட்டு விழுந்தினம். நாலு பேர் அண்டைக்கே செத்துப் போச்சினம். கல்வாவில் மறிச்ச அந்த வீடியோ எடுத்த இடத்திலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி.

ஏசி ரயில் இருந்ததாலதான் அந்த நாலு பேரும் செத்தவை எண்டு நான் சொல்லேல்லை. அப்பிடிச் சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை. மும்பையில் ரயில் தண்டவாளத்தில் ஒவ்வொரு வருசமும் 2,000 பேருக்கு மேல் சாகினம். தண்டவாளம் கடந்தும், விழுந்தும். ஏசி வர முதலும் செத்தவை. ஆனால் நெரிசல் நேரத்தில் ஒரு ரயிலைச் சனத்தில் பெரும்பகுதி ஏற ஏலாத ரயிலாக மாத்தேக்க, அடுத்த ரயிலின் வாசலில் தொங்குற கைகள் கூடும். இதுக்கு ஆராய்ச்சி வேணுமா?

இங்க ஒரு மறுப்பு வரும், வந்தது. எங்கட வகுப்பில் ஒரு தோழி கேட்டாள்: "கதவு பூட்டுற ரயில்தானே பாதுகாப்பு? அதில ஏறின ஒருத்தரும் விழேல்லையே. நீ கதவில்லாத ரயிலுக்கு வக்காலத்து வாங்குறியா?" நல்ல கேள்வி. மும்பை வெயிலில், அந்த நெரிசலில், ஒரு பெண் பூட்டின கதவுக்குள்ள குளிரில் நிண்டு வர ஆசைப்படுறதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பூட்டுற கதவு எல்லாருக்கும் வேணும். நான் கேக்கிறது, பூட்டுற கதவை ஏன் ஆறு மடங்கு விலைக்கு விக்க வேணும் எண்டுதான். உயிர்ப் பாதுகாப்பைக் குளிரோட சேர்த்துக் கட்டி ஒரு பொதியாக்கி, வாங்க ஏலாதவனை வாசலில் விட்டுட்டு, பிறகு "பாருங்கோ, உள்ள இருக்கிறவை விழேல்லை" எண்டு சொல்லுறது நியாயமில்லை.

இதை நான் மட்டும் சொல்லேல்லை. மும்ப்ராவுக்குப் பிறகு இந்திய ரயில்வேயே சொன்னது, சாதாரண ரயிலுக்கும் தானாகப் பூட்டுற கதவு வைக்கலாம், காத்தோட்டத்துக்கு வழி செய்து பெட்டிக்குப் பெட்டி நடக்கிற பாதையும் வைக்கலாம் எண்டு. ஒரு மாதம் கழிச்சு மகாராஷ்டிர முதலமைச்சர் ஃபட்னாவிஸ், கட்டணம் கூட்டாமல் லோக்கலை ஏசி ஆக்கப் போறம் எண்டார். அப்ப 2022இல் மறிச்ச சனம் கேட்டதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? மூண்டு வருசம். அந்தச் சனத்தைக் காட்டுமிராண்டி எண்டு எழுதின ஒருத்தரும் திரும்பி வந்து கருத்தை அழிக்கேல்லை, நான் தேடிப் பார்த்தனான்.

"ரேக் இல்லை, என்ன செய்யிறது" எண்டது அடுத்த சாட்டு. ரேக் இல்லாதது வானத்திலிருந்து விழுந்த பஞ்சம் இல்லை. 2016இலும் 2019இலும் அனுமதிச்ச ரெண்டு திட்டங்களில் 238 புது ரேக்குகள் வர வேண்டியிருந்தது. ஏசியா இல்லையா, யார் செய்யிறது, எப்ப டெண்டர் எண்டு வருசங்கள் போச்சுது, ஆட்சிகளும் மாறிச்சுது. அந்தத் தாமதத்தின்ர விலையை டெண்டர்க் குழு குடுக்கேல்லை. கல்வா பிளாட்ஃபோர்மில் நிண்டவர் குடுத்தார்.

தட்டுப்பாடு உண்மை எண்டே வைப்பம். அப்பவும் யாருடைய ரயிலை எடுத்து யாருக்குக் குடுக்கிறது எண்டதைத் தட்டுப்பாடு முடிவு செய்யாது, ஒரு ஆள் மேசையில் இருந்து முடிவு செய்யிறார். இதுக்கு ஆதாரம் ரயில்வேயின்ர சொந்த அட்டவணையிலயே இருக்கு. 2024 நவம்பர் அட்டவணையில் மேற்குப் பாதையில் கிழமை நாட்களில் 109 ஏசி ஓட்டம், சனி ஞாயிறில் 65 இருந்தது. மத்திய பாதையில் 2025இல் வந்த 14 ஓட்டங்களும் ஞாயிறிலும் விடுமுறை நாட்களிலும் சாதாரண ரயிலாக ஓடும் எண்டு அவையே அறிவிச்சினம். ஞாயிறில் ஓட்டம் குறைவு, ரேக் மிஞ்சும், ஏசி ரேக்கைப் பராமரிப்புக்கு அனுப்பலாம் எண்ட நிர்வாகக் காரணம் விளங்குது. ஆனால் பாருங்கோ, ஒரே நேரம், ஒரே தண்டவாளம், திங்களில் ஏசி, ஞாயிறில் சாதாரணம். மாத்த ஏலும். ஒவ்வொரு கிழமையும் மாத்துகினம். ரேக்கின்ர வசதிக்காக மாத்தலாம், சனத்தின்ர வசதிக்காக மாத்தக் கேட்டால் மட்டும் அது தொழில்நுட்பப் பிரச்சினை.

என்ர கோரிக்கை பெரிசில்லை. ரயிலை எண்ணாதேங்கோ, ஆக்களை எண்ணுங்கோ. ஒரு ரேக்கை மாத்த முதல், அந்த ஓட்டத்தில் எத்தனை பேர் எந்த டிக்கெட்டோட ஏறுகினம், மாத்தின பிறகு எத்தனை பேர் அதில் ஏற முடியும், மிச்சப் பேர் எந்த ரயிலுக்குப் போவினம் எண்ட கணக்கை வெளியில வையுங்கோ. தட்டுப்பாடு முடியும் வரைக்கும், மாத்தின ரயிலில் பழைய டிக்கெட் செல்லட்டும். நெரிசல் நேரத்தில் ஏசி ரேக்தான் இருக்கெண்டால் அதையே ஓட்டுங்கோ, சாதாரண டிக்கெட்டுக்கு.

"மும்பைக் கதை எங்களுக்கு என்னத்துக்கு?" எண்டு கேப்பீங்கள். முதலாவது ஏசி லோக்கல் செய்தது சென்னை பெரம்பூரில் இருக்கிற ஐசிஎஃப் தொழிற்சாலை. 2019இல் எங்கட வடக்குப் பாதையில் ஓடத் தொடங்கின எஸ்-13 செட்டுகளும் அதே தொழிற்சாலையில் செய்ததுதான். ஒரே பட்டறையிலிருந்து வெளிக்கிட்ட ரயில்கள். ஆனால் செட்டை விட, செட்டை ஒதுக்கிற முறைதான் எனக்குக் கவலை. இங்கயும் காலை ஓஃபிஸ் ட்ரெயினில் சனம் வாசலில் தொங்கிக்கொண்டுதான் கோட்டைக்கு வருகினம். இங்கயும் எல்லா ஆசனமும் முற்பதிவான உல்லாசப் பயண ரயில்கள் ஓடுது, எல்ல ஒடிசி மாதிரி. அந்த ரயிலில் டொலர் வருது, வரட்டும், நாட்டுக்குத் தேவை. ஆனால் ஒரு எஞ்சின் பழுதாகினால், ஒரு செட் பணிமனைக்குப் போனால், எந்த ஓட்டத்தை விட்டு எந்த ஓட்டத்தைக் காப்பாத்துகினம்? அதுக்கு எழுதின விதி இருக்கா, இல்லாட்டி அண்டண்டைக்கு ஒருத்தர் போனில சொல்லுறாரா? மூண்டாம் வகுப்புச் சீசன்காரருக்கு அந்த விதியில் எத்தனையாவது இடம்?

எங்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. கன்டீனில் முதல் சிரிச்ச அதே மேசையில் இருந்து, போனை நீட்டின அதே நண்பனும் நானும் அந்தத் தோழியும் ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறம். மூண்டு கேள்விதான். செட் தட்டுப்பாட்டின்போது ஓட்டங்களைத் தெரிவு செய்யிற எழுத்திலான நடைமுறை என்ன? கடந்த 12 மாதங்களில் எஞ்சின் அல்லது பெட்டி இல்லாமல் ரத்தான ஓட்டங்கள் எவை, பாதை வாரியாக? அந்த நாட்களில் முற்பதிவு ரயில்களில் எத்தனை ரத்தானது?

நண்பன் சிங்களத்தில் எழுதினால் கெதியாப் பதில் வரும் எண்டான். தோழி விடேல்லை. தமிழிலதான் எழுதியிருக்கிறம், திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போடப் போறம்.